இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு

“ரெண்டாம் பக்கத்துல மூணாவது பாட்டைப் போடணும், லியாண்டர் மாமா. நான் இங்க இருக்கும்போதே போடணும். நீங்களும் கூட உக்காந்து கேக்கணும்.”

கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வாசல் மிதியடியில் நின்றபடியே ரெனீட்டா கேட்டுவிட்டாள். கதவைத் திறந்துவிட்ட ஓடெஸா அத்தையின் கை கைப்பிடியிலேயே நின்றுவிட்டது. உள்ளே ஜன்னலோரம், மடியில் கம்பளியோடு உட்கார்ந்திருந்த லியாண்டர் ப்ரூயிட் மெதுவாகத் தலையைத் திருப்பினார். பக்கவாதம் வந்த பிறகு அவர் எதையுமே மெதுவாகத்தான் செய்தார். இது அந்த மெதுவில்லை. காதில் விழுந்ததை விழவில்லை என்று வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிற மனிதனின் மெது.

அப்பா அவளிடம் கூடாது என்று சொன்னது வாழ்க்கையிலேயே ஒன்றுதான். ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாய் என்று கேட்டதில்லை, யாரோடு சுற்றுகிறாய் என்று கேட்டதில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் அவள் பட்டம் வாங்கிய அன்று, விருந்துக்கு வந்தவர்கள் கலைந்த பிறகு, மடக்கு நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கிச் சுவரில் சாய்த்துக்கொண்டே சொன்னார்: “லியாண்டர்கிட்ட எது வேணும்னாலும் கேளு. சிபாரிசு கேளு, காரைக் கேளு, தருவான். அந்த ரெக்கார்டைப் போடச் சொல்லி மட்டும் ஒருநாளும் கேக்காத.” ஏன் என்று அவள் கேட்கவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தாள். ஊருக்கே தெரிந்த காரணம்தானே.

‘அவசரமில்லை’ என்பது அந்த ரெக்கார்டின் பெயர். உறையில் முப்பத்திரண்டு வயது லியாண்டர், மடியில் கிட்டார், கிட்டாரின் தலையில் தொப்பி. எட்டுப் பாட்டு. ஒன்றுகூட அவர் எழுதியதில்லை. எல்லா ஊர் ஜாஸ்காரர்களும் எல்லாக் காலத்திலும் வாசிக்கிற பழைய பாட்டுகள், அதிலும் பாதிக்கு மேல் மெதுவான காதல் பாட்டுகள். கிட்டார், பியானோ, பேஸ், டிரம்ஸ் என்று நாலு பேர், 1960 நவம்பரில் காரில் நியூயார்க் போய் ஒரே நாளில் பதிந்துவிட்டு வந்தது. ஆளுயர பேஸை வாசித்தவர் கார்னெல் மேபெரி, ரெனீட்டாவின் அப்பா. இரண்டாம் பக்கத்து மூன்றாவது பாட்டில் ஒரு தப்பு இருக்கிறது. பிட்ஸ்பர்க்கில் ஹில் வட்டாரத்திலோ ஹோம்வுட்டிலோ வாத்தியம் தொட்ட அத்தனை பேருக்கும் அந்தத் தப்பு பாடம். இந்த மாதிரிப் பாட்டுகளில் எட்டெட்டுத் தாளக் கட்டாக நாலு அடி, மொத்தம் முப்பத்திரண்டு கட்டு. முதல் இரண்டடி ஒரே மெட்டு, மூன்றாவது அடி வேறு மெட்டு, நாலாவதில் பழைய மெட்டுக்கே திரும்பிவிடும். அந்த மூன்றாவது அடியைப் பாலம் என்பார்கள். கிட்டார் தனியாகப் பேச ஆரம்பிக்கிற இடத்தில் கார்னெல் எண்ணிக்கையை விட்டுவிட்டார்; இரண்டாவது அடியை விழுங்கிவிட்டு நேரே பாலத்தில் ஏறிவிட்டார். லியாண்டர் ஒரு கணம்கூடத் தடுமாறாமல் பின்னாலேயே ஏறி அந்தப் பாட்டைக் காப்பாற்றினார். காப்பாற்றிய அழகைப் பார்த்துத்தான் அதை அப்படியே இசைத்தட்டில் விட்டுவைத்தார்கள். கதை இதுதான். உறையின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது.

அதற்குப் பிறகு ஊரில் யார் முந்திக்கொண்டாலும் அதற்கு ‘மேபெரி போடுவது’ என்று பெயர் வந்துவிட்டது. கல்யாணத்தில் மோதிரத்தை முன்னாலேயே நீட்டிவிட்ட மாப்பிள்ளை மேபெரி போட்டான். சிவப்பு விளக்கு மாறுவதற்குள் வண்டியை எடுத்தவன் மேபெரி போட்டான். பேஸை விற்றுவிட்டு நகரப் பேருந்து ஓட்டப் போன கார்னெலிடம் பணிமனையிலேயே சொன்னார்களாம்: “மேபெரி, நிறுத்தத்துல ஆள் ஏறின பிறகு கிளப்புப்பா.” அப்பாவும் தொப்பியைத் தொட்டுச் சிரிப்பார். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் விசிலுக்கு முன்னால் ஓடிய பெண்ணைப் பார்த்து ஆசிரியர் அந்த வார்த்தையைச் சொன்னபோது, அது தன் குடும்பப் பெயர் என்பதை எழுந்து சொல்லாமல், குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தவள் ரெனீட்டா.

இந்த ஜனவரியில் வாசல் பனியை வாரிக்கொண்டிருந்த அப்பா அப்படியே மண்வெட்டியோடு சரிந்தார். அடக்க ஆராதனையில், போதகர் ஜெபத்தை முடிக்கும் முன்னால் பாடகர் குழு எழுந்து பாட ஆரம்பித்துவிட்டது. பின்வரிசையில் ஒரு குரல், பாசத்தோடுதான், “மேபெரி போட்டுட்டாங்க” என்றது. வரிசை வரிசையாகச் சிரிப்பு பரவியது. அழுதுகொண்டிருந்த அம்மாகூடச் சிரித்தாள். ரெனீட்டா சிரிக்கவில்லை. பெட்டிக்குள் கிடக்கும் மனிதனின் பெயரை ஊர் ஒரு தப்புக்கு வைத்திருக்கிறது, அதைத் தூக்கிக்கொண்டே அவர் குழிக்குள் போகப் போகிறார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடுத்த வாரம் பழைய ரெக்கார்டுக் கடையில் ‘அவசரமில்லை’யை வாங்கினாள். அப்பா வீட்டில் அதன் பிரதி ஒன்றுகூட இருந்ததில்லை.

“கேக் சூடா இருக்கு, முதல்ல கோட்டைக் கழட்டு” என்றாள் ஓடெஸா. “நாலு மணிக்கு அந்த கம்பெனிக்காரன் வர்றான். அதுக்குள்ள நீ எதையாவது கிளறி இவருக்கு ரத்தக்கொதிப்பை ஏத்தி வெக்காத.”

“அவர் வர்றதாலதான் அத்தை நான் வந்தேன்.”

அந்த ரெக்கார்டை சி.டி.யாக மறுபடி வெளியிடப் போகிறார்கள். உள்ளே வைக்கிற சிறு புத்தகத்துக்காக லியாண்டரிடம் பேட்டி எடுக்க ஒருவர் வருகிறார். பத்து நாளாக ஓடெஸா இதைத் தேவாலயத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டிருந்தாள்.

“நீ வேதியியல் படிச்ச பொண்ணு. பாட்டுல உனக்கென்ன?” என்றார் லியாண்டர்.

“பெயின்ட் கம்பெனியில என்னோட வேலையே ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யறதுதான் மாமா. ஒரு தடவை வந்தது தற்செயலா இருக்கலாம். எழுபது தடவையும் அதே வந்தா அது தற்செயல் இல்ல. நான் எழுபது தடவை கேட்டுட்டேன்.”

ஓடெஸாதான் அலமாரியிலிருந்து ரெக்கார்டை எடுத்துக் கொடுத்தாள். “ஊசியை நீயே வெச்சுக்கோ. அவர் வெச்சா கோடு விழுந்துடும்” என்றாள். அவருடைய இடது கை கம்பளியின் மேல் கழற்றிப் போட்ட கையுறை மாதிரிக் கிடந்தது. விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன. இந்த விரல்களைப் பார்த்து ஆத்திரத்தை விட்டுவிடக் கூடாது என்று பேருந்தில் வரும்போதே ரெனீட்டா தனக்குச் சொல்லியிருந்தாள்.

ஊசி இறங்கியது. கரகரப்புக்குப் பின்னால் பிரஷ்ஷால் டிரம்ஸ் தோலைத் தடவுகிற சத்தம், யாரோ பக்கத்து அறையில் தரையைப் பெருக்குவது மாதிரி. பிறகு கிட்டார். எதையும் நிரூபிக்க நினைக்காத கிட்டார் அது. ஒரு வரி சொல்லும், நிறுத்தும், சொன்னது சரிதானா என்று யோசிக்கும், அடுத்த வரிக்குப் போகும். வேண்டாம் வேண்டாம் என்று கோபத்தோடு கேட்க உட்கார்ந்த எழுபது தடவையும் ரெனீட்டாவை அது பிடித்து உட்கார வைத்திருக்கிறது. இப்போதும் வைத்தது. அதற்குக் கீழே, கவனித்தால்தான் கேட்கிற ஆழத்தில், அப்பா நடந்துகொண்டிருந்தார். கட்டுக்கு இரண்டு சுரம், சில இடத்தில் ஒன்று. கிட்டார் நிற்கும்போது அவரும் நிற்பார். அது கிளம்பும்போது, அது போகப்போகிற இடத்தில் ஏற்கெனவே ஒரு விளக்கைப் போட்டு வைத்திருப்பார். நாலடியும் வந்து முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றில் கிட்டார் மெட்டைவிட்டு இறங்கித் தன் சொந்தப் பேச்சைத் தொடங்கியது. ரெனீட்டா விரலால் நாற்காலிக் கையைத் தட்டினாள். ஐந்தாம் கட்டு. ஆறு. ஏழு.

எட்டாவது கட்டின் கடைசித் தாளத் தட்டில் கர்ரென்று அந்தச் சத்தம்: பேஸ் கம்பியில் விரல் மேலே சறுக்குகிற சத்தம். பாட்டு பாலத்தில் ஏறிவிட்டது. ஊர் முப்பது வருடமாகக் கேட்டுச் சிரித்த இடம்.

அவள் எழுந்து ஊசியைத் தூக்கிப் பின்னால் வைத்தாள். மறுபடி ஐந்து, ஆறு, ஏழு, சறுக்கல். மறுபடியும் தூக்கி வைத்தாள்.

“பேஸைக் கேக்காதீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க, அது சத்தமா இருக்குன்னு. அதுக்கு முன்னால கிட்டாரைக் கேளுங்க.”

சறுக்கலுக்கு அரைத் தட்டு முன்னால், ஏறக்குறைய மூச்சு விடுகிற அளவுக்கு மெலிதாக, கிட்டாரில் இரண்டு சுரம். பாலத்துக்கு ஏறுகிற இரண்டு படி அவை. அந்தப் பாட்டில் பாலத்துக்கு முன்னால் தவிர வேறெங்கும் வராது. அந்த நேரத்தில் பேஸ் எங்கே இருக்கிறது? மெட்டு தொடங்கிய சுரத்தைப் பார்த்துக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது, எண்ணிக்கைப்படி, இரண்டாவது அடியின் வாசலை நோக்கி, கச்சிதமாக. அந்த இரண்டு சுரத்தைக் கேட்டதும் நிற்கிறது. பாதித் தட்டுக்குள், காலடியை மாற்றி, கம்பி கதற மேலே சறுக்கி, பாலத்தின் முதல் சுரத்தில் போய் நின்று கிட்டாரைத் தாங்கிக்கொள்கிறது. அது வழி தவறியவனின் சறுக்கல் இல்லை. வழுக்கி விழப் போகிற இன்னொருவனைப் பிடிக்க ஓடியவனின் காலில் எழும் சத்தம்.

நாலாவது முறையாக அவள் ஊசியைத் தூக்கியபோது லியாண்டர், “போதும்” என்றார்.

“யார் மாமா முதல்ல போனது?”

வெளியே ஒரு கார் மெதுவாகப் போனது. ஓடெஸா கேக் வெட்டிய கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே கணவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான்தான்” என்றார்.

“நீங்க எங்க போனீங்க?” என்றாள் ஓடெஸா புரியாமல்.

“பாலத்துக்கு. நான்தான் முதல்ல போனேன், ஓடெஸா. கார்னெல் என் பின்னால வந்தான்.” பேச்சு ஒரு பக்க உதட்டிலிருந்து வந்தது. “மெதுப் பாட்டை வாசிக்கிறவன் அதோட சொல்லைத் தெரிஞ்சு வெச்சிருக்கணும்னு எங்க காலத்துல ஒரு கட்டாயம். சொல் தெரியாம வாசிச்சா மேடையிலேயே கேலி பண்ணுவாங்க. அதனால உள்ளுக்குள்ள பாடிக்கிட்டேதான் வாசிப்பேன். அன்னைக்கு ரெண்டாவது அடியோட சொல் வாயில வரல. மூணாவதுதான் வந்துச்சு. விரல் சொல்லுக்குப் பின்னாலேயே போயிடுச்சு. போன பிறகுதான் தெரிஞ்சுது. தெரிஞ்சு உறைக்கறதுக்குள்ள கீழ கார்னெல் நிக்கறான்.”

பாட்டு முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பதிவுக்காரர் ஒலிபெருக்கியில் கேட்டாராம், யாருய்யா குதிச்சது என்று. லியாண்டர் வாயைத் திறந்தார். அதற்குள் பின்னாலிருந்து கார்னெல், “நான்தான் சார், எண்ணிக்கையை விட்டுட்டேன்” என்றார். அவருக்கு அது பெரிய தியாகம் எல்லாம் இல்லை. குழுத் தலைவன் பெயர்தான் உறையில் வரும். தலைவனுக்கு அது முதல் ரெக்கார்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் முன்னால் தலைவன் தப்பு செய்யக் கூடாது. பேஸ்காரன் தாங்குகிறவன். அன்றைக்கு அவ்வளவுதான் விஷயம். திரும்பி வருகிற வழியில் ஹாரிஸ்பர்க் தாண்டி ஒரு கடையில் நிறுத்தி நாலு பேரும் முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டார்கள். அப்போது சொல்லியிருக்கலாம். ரெக்கார்டு வந்த அன்று சொல்லியிருக்கலாம்.

“உறையில அந்தக் கதையைப் போட்டுட்டாங்க. வைலி அவென்யூ கிளப்புல முதல் நாள், பேஸ் யாருன்னு அறிமுகம் பண்ணும்போது அந்தக் கதையை நான் சொன்னேன். ‘காத்திருக்கத் தெரியாத கார்னெல் மேபெரி’ன்னேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சுது. மறுநாளும் சொன்னேன்.”

“எத்தனை நாள் சொன்னீங்க?”

“அவன் குழுவுல இருந்த வரைக்கும்.” வலது கையால் கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டார். “அவன் பேஸை வித்துட்டுப் போன பிறகும்.”

ஓடெஸா கத்தியை மேசையில் வைத்தாள். “இந்த வீட்டுல எத்தனை ஞாயித்துக்கிழமை சாப்பிட்டிருக்கான்” என்றாள், யாரிடமும் இல்லாமல். “கோழியைக் கொண்டு வந்து வெக்கும்போதெல்லாம் ‘கை வெக்காத கார்னெல், இன்னும் ஜெபம் முடியல, மேபெரி போட்டுடாத’ன்னு சொல்லுவேன். ஒரு தடவைகூட விட்டதில்ல. அவனும் ரெண்டு கையையும் மேல தூக்கிக் காட்டுவான். நீங்களும் உக்காந்து சிரிச்சுக்கிட்டுத்தானே இருந்தீங்க.”

“சிரிச்சேன்.”

“என்னையும் சேர்த்துச் சிரிக்க வெச்சீங்களேய்யா.”

சமையலறைக்குப் போனவள் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் வரவில்லை, தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ரெனீட்டா கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து அவர் மடிமேல் வைத்தாள். கம்பெனிக்கு எழுதிய கடிதம். எட்டாவது கட்டில் நடந்தது என்ன என்று தட்டுத் தட்டாக எழுதித் தட்டச்சு செய்திருந்தாள். கீழே லியாண்டர் கையெழுத்துப் போட இடம். “இதைப் போட்டுக் குடுங்க. நாலு மணிக்கு வர்றவர்கிட்ட வாயாலயும் சொல்லுங்க” என்றாள். தன் குரல் கோர்ட்டு சேவகன் குரல் மாதிரி இருப்பது அவளுக்கே கேட்டது. இருக்கட்டும்.

அவர் தாளைப் படிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “கார்னெல் இதைக் கேக்கல, பாப்பா” என்றார்.

“அப்பா எதையும் கேக்க மாட்டார். அதான உங்களுக்கெல்லாம் வசதி.”

“கேட்டான். ஒரு தடவை.”

“எப்ப?”

“எண்பத்துநாலு ஏப்ரல். பஸ் யூனிஃபார்மோட வந்தான், வண்டியை அடுத்த ஆளுக்கு மாத்திவிட்டுட்டு நேரா. நீ உக்காந்திருந்த இடத்துலதான் உக்காந்தான். போடுன்னான். இதே பாட்டு. கடைசி வரைக்கும் கேட்டான். அப்புறம் சொன்னான்: ‘என் பொண்ணு ஜூன்ல பட்டம் வாங்குது. அவகிட்ட மட்டும் சொல்லிடு லியாண்டர். ஊருக்குச் சொல்ல வேணாம், உன் பேர் உன்கிட்டயே இருக்கட்டும். அவ ஒருத்திக்குத் தெரிஞ்சா போதும். நான் சொன்னா நம்ப மாட்டா, சமாளிக்கிறேன்னு நினைப்பா. நீ சொன்னா நம்புவா.’ நான் சரின்னேன்.”

ஏப்ரல். அந்த ஏப்ரலை அவளுக்குத் தெரியும். பேராசிரியர் ஒருவர் வேண்டுமென்றே மதிப்பெண்ணைக் குறைத்தார் என்று துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள், சமையலறை மேசையில், பேனா தாளைக் கிழிக்கிற வேகத்தில். அப்பா எதிரே உட்கார்ந்து சோளரொட்டி தின்றுகொண்டிருந்தார். “கொஞ்சம் பொறு” என்றார். “அந்தாள் என்ன சொல்றார்னு முதல்ல முழுசா கேளு. கேட்டுட்டு அப்புறம் உன் இடத்துக்கு வா.” அவள் நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. “முப்பத்திரண்டு வரைக்கும் எண்ணத் தெரியாதவர் எனக்குப் பொறுமையைப் பத்திப் பாடம் எடுக்காதீங்க” என்றாள். நன்றாக வந்துவிட்டது, வார்த்தை கச்சிதமாக விழுந்துவிட்டது என்று அப்போது ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அப்பா சிரித்தார். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு நாலே முக்கால் வருடம் இருந்தார். ஒருநாள்கூட அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றியதில்லை, ஏனென்றால் சொன்னது உண்மை என்று நினைத்திருந்தாள்.

“விருந்துக்கு வந்தீங்களே” என்றாள். குரல் சின்னதாகிவிட்டிருந்தது. “பச்சை நிறக் கோட்டு. ரெண்டு பாட்டு வாசிச்சீங்க.”

“வந்தேன். உங்கம்மா செஞ்ச உருளைக்கிழங்கு சாலட்டை ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். நீ அந்த மஞ்சள் கவுன்ல ஒவ்வொருத்தர்கிட்டயா வந்து கைகுடுத்த. என்கிட்டயும் வந்த. ‘மாமா, நீங்க பெரிய ஆளு, நீங்க வந்ததே சந்தோஷம்’னு சொன்ன. தோட்டத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து கார்னெல் எங்க ரெண்டு பேரையும் பார்த்துக்கிட்டே நின்னான். நான் சொல்லிட்டு இருக்கேன்னு நினைச்சிருப்பான். நான் உன்னை வாழ்த்திட்டுப் போயிட்டேன்.”

அப்பா நாற்காலிகளை மடக்கியது நினைவுக்கு வந்தது. ஒரு நாற்காலி மடங்காமல் முரண்டு பிடித்தது, அதோடு அவர் நெடுநேரம் மல்லுக்கட்டினார். அவளுடைய முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார், இவளுக்கு இன்னும் தெரியாது என்று. அப்புறம்தான் அதைச் சொன்னார், ஒருநாளும் கேட்காதே என்று. அது வெட்கத்தில் சொன்னதில்லை. சறுக்கி விழப்போனவனை இரண்டாவது முறையும் பிடித்திருக்கிறார்.

“இப்ப உனக்குத் தெரிஞ்சுடுச்சு” என்றார் லியாண்டர். “அவன் கேட்டது இதைத்தான். தாமதமாத்தான். ஆனா நடந்துடுச்சு. அதோட விட்டுடக் கூடாதா? எனக்கு வேற ரெக்கார்டு இல்ல ரெனீட்டா. இனிமே வாசிக்கவும் முடியாது. ஜனங்க என்னைப் பத்தித் தெரிஞ்சு வெச்சிருக்கறதெல்லாம் இந்த ஒரு பாட்டு, அதுல நான் ஒருத்தனைக் காப்பாத்தினேன்கறது. அதை எடுத்துட்டா உறையில என்ன இருக்கும்?”

“பாட்டு இருக்கும். அது நல்ல பாட்டுதான்.”

“நீ எங்கிட்ட வந்து நியாயம் கேக்கற. கேளு, உனக்கு உரிமை உண்டு. ஆனா ஏப்ரல் மாசம் அவன் திடீர்னு எதுக்கு என்னைத் தேடி வந்தான்னு நான் கேட்டேன். அவன் சொல்லல. யாரோ எதையோ சொல்லி அவனுக்கு வலிச்சிருக்கு, அது மட்டும் தெரிஞ்சுது. இருபத்துமூணு வருஷம் என்கிட்ட வலிக்காதது.” அவர் குரலில் குத்தல் இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. “நான் செஞ்சதுக்கு என்னைத் திட்டு. உன் பங்குக்கும் சேர்த்து என்னைத் திட்டாத.”

சமையலறையில் குழாய் நின்றது.

மறுத்துச் சொல்ல ரெனீட்டாவுக்கு எப்போதும் ஏதாவது வார்த்தை இருக்கும். அப்பாவின் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள்தான். வாயால்தான் உள்ளே புகுந்தாள், வாயால்தான் நின்றாள். இப்போது அவர் மடியில் இருந்த தாளைப் பார்த்தாள்; அதில் அந்த ஏப்ரலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. லியாண்டர் வலது கையால் மேசைமேல் இருந்த பேனாவைத் தேடினார், எடுத்தார், தாளை மடியில் விரித்துவிட்டார்.

“எங்க போடணும்னு சொல்லு.”

அவள் குனிந்து தாளை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

“வேணாம். இது சரியா எழுதல. திரும்ப எழுதணும்.”

“என்ன எழுதப் போற?”

“எட்டாவது கட்டுல யார் முதல்ல போனதுன்னு எழுதுவேன். அவர் உங்ககிட்ட என்ன கேட்டார், நீங்க என்ன செஞ்சீங்கன்னு எழுதுவேன். அவர் ஏன் உங்ககிட்ட வந்தார்னும் எழுதுவேன். அவர்கிட்ட நான் சொன்ன வார்த்தையை, சொன்னபடியே. கீழ என் பேர் போதும், ரெனீட்டா மேபெரின்னு. உங்க கையெழுத்து வேணாம். நாலு மணிக்கு வர்றவர்கிட்ட உங்களுக்கு எது வாயில வருதோ சொல்லிக்குங்க.”

“கார்னெல் ஊருக்கு வேணாம்னுதானே சொன்னான்” என்றார். கெஞ்சல்தான், ஆனால் அதிலும் உண்மை இருந்தது.

“ஆமா. அவர் எல்லாரையும் தாங்கிக்கிட்டே போயிட்டார். நான் பேஸ் வாசிக்கிறவ இல்ல, மாமா.”

அவள் கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டாள். கழற்றவே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஓடெஸா சமையலறை வாசலில் நின்றாள். கண் சிவந்திருந்தது. அலுமினியத் தாளில் சுற்றிய கேக் துண்டை நீட்டினாள், பிறகு என்ன நினைத்தாளோ, கையைத் தாழ்த்திக்கொண்டாள். “அந்த ஆளுக்கு நான் கேக்கும் வெக்க மாட்டேன், காப்பியும் போட மாட்டேன்” என்றாள் கணவனைப் பார்த்து. “நீங்களே பேசிக்குங்க.” ரெனீட்டாவின் பின்னால் லியாண்டர் ஒற்றைக் கையால் ஊசியை வைக்க முயல்வது கேட்டது, ஒரு கரகரப்பு, ஒரு கீறல், மறுபடி கரகரப்பு. அவள் திரும்பவில்லை. திரும்பினால் போய் வைத்துக் கொடுத்துவிடுவாள்.

வெளியே ஏப்ரல் வெயில், உறைப்பில்லாத வெயில். நடைபாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு நாலைந்து சிறுமிகள் இரட்டைக் கயிறு சுழற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கயிறும் எதிரெதிராகத் தரையை அடித்துக்கொண்டிருக்க, ஜடையில் பாசிமணி கட்டிய ஒருத்தி ஓரத்தில் நின்று, உள்ளே பாயப் போகிறவள்போல் முன்னால் சாய்ந்து, பின்னால் சாய்ந்து, முன்னால் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தாள். ரெனீட்டா வருவதைப் பார்த்ததும் கயிறு பிடித்தவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள்.

“என்னக்கா, குதிக்கறீங்களா, நடக்கறீங்களா?”

“நடக்கறேன்.”

“அப்ப சீக்கிரம் போங்க, இவ ரொம்ப நேரமா நிக்கறா.”

கயிறுகள் இரண்டும் தரையில் விழுந்து அசையாமல் கிடந்தன. அவள் அவற்றைத் தாண்டி நடந்தாள். நாலு அடி போவதற்குள் பின்னால் மறுபடி கயிறு சுழல ஆரம்பித்தது. சிறுமிகள் எல்லோரும் சேர்ந்து, உரக்க, முதலிலிருந்து எண்ணினார்கள்.